சிவப்புப் பொத்தான்

கோள் சொன்னால் நாக்கு அழுகிப்போகும் என்று பெரியவர்கள் பிள்ளைகளை மிரட்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்த ஒரு பள்ளிக்கூடத்தில் மட்டும் கோள் சொன்னவளுக்குப் பரிசு கொடுத்தார்கள். பரிசு பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு சிவப்புப் பொத்தான். அதை அவளே தன் கழுத்துப்பட்டையில் தைத்துக்கொள்ள வேண்டும். ஆக, எவள் எத்தனை பேரைக் காட்டிக்கொடுத்தாள் என்பதைக் கழுத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். வெட்கப்பட வேண்டிய சமாச்சாரத்தை மாலையாகப் போட்டுக்கொண்டு திரிய வைத்த அந்தப் புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்வது!

வாசலில் 'நல்வழி இல்லம்' என்று பலகை தொங்கியது. ஊர் வாயில் அது 'அடங்காப்பிடாரிகள் பள்ளிக்கூடம்'. திருடியவள், வீட்டைவிட்டு ஓடியவள், எஜமானியை எதிர்த்துப் பேசியவள், போக்கிடம் இல்லாதவள் எல்லோரையும் ஒரே மதிலுக்குள் போட்டுப் பூட்டியிருந்தார்கள். பகலெல்லாம் தையலும் வெளுப்பும். சாயங்காலம் கஞ்சிக்கு முன்னால் நீளமான கூடத்தில் எல்லோரும் வரிசையாக நிற்க வேண்டும். அதற்குச் 'சொல்லும் வேளை' என்று பெயர். தலைமையம்மா நாற்காலியில் உட்கார்ந்து, "யாருக்கு மனசு உறுத்துது?" என்பாள். மற்றவள் செய்த குற்றத்துக்கு இவள் மனசு ஏன் உறுத்த வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. முதலில் முன்னால் வந்து நிற்பவளுக்குத்தான் பேச்சு. ஒரு நாளைக்கு ஒருத்தி, ஒரு பொத்தான். மாட்டிக்கொண்டவளுக்கு மறுநாள் இருட்டறை.

கழுத்துப்பட்டை நிறைந்துவிட்டால் அவள் திருந்திவிட்டாள் என்று அர்த்தம். திங்கட்கிழமை வண்டி வரும்போது அவளை ஏற்றி அனுப்பிவிடுவார்கள். ஸ்டேஷனில் ரயில் ஏறி, கடற்கரையில் இருக்கும் ஏதோ ஒரு நல்ல குடும்பத்துக்கு வளர்ப்புப் பெண்ணாகப் போவாள் என்று பேச்சு. போனவளைப் பற்றிப் பிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது. நல்ல இடத்துக்குப் போனவளைப் பழைய சேர்க்கை நினைத்தாலே அவளுக்கு ஆகாது என்று தலைமையம்மா சொல்லியிருந்தாள்.

ஊசியின் கழுத்தில் ஒரு பொத்தான்கூட இல்லை. ஆள் ஒல்லி, பேச்சு குத்தும், தையலில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அதனால் ஊசி. அம்மா செத்த பிறகு, அம்மாவின் இரண்டாம் புருஷன் தங்கச்சியை அடிக்க வந்தபோது இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி அவன் காலில் போட்டவள் அவள். அதற்காகத்தான் இங்கே வந்தாள். ஒண்ட வேறு இடம் இல்லாததால் தங்கச்சியும் கூடவே வந்தாள். தங்கச்சிக்கு இங்கே 'கிளி' என்று பெயர். பார்த்ததை, கேட்டதை, கேட்காததையும்கூட ஒப்பித்துவிடுவாள். பன்னிரண்டு வயது. அவள் கழுத்துப்பட்டையில் இரண்டே இரண்டு இடம்தான் காலியாக இருந்தது.

தங்கச்சி கோள்காரியாகிவிட்டாளே என்று ஊசிக்கு அவமானம். அதைவிடப் பெரிய பயம், கிளி போய்விட்டால் தனக்கு யார் இருக்கிறார்கள் என்பது. ஆனாலும் நல்ல இடத்துக்குத்தானே போகிறாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தாள், அந்தத் திங்கட்கிழமை வரைக்கும்.

ஒவ்வொரு திங்களும் அந்த ஒற்றைக் குதிரை வண்டி ஒரு மூட்டை அழுக்குத் துணியைக் கொண்டுவந்து இறக்கும், போன வாரத்துச் சுத்தமான மூட்டையை ஏற்றிக்கொண்டு போகும். எல்லாம் ஒரே மாதிரியான முரட்டு மேலங்கிகள். எங்கிருந்து வருகின்றன என்று யாரும் சொன்னதில்லை. கிழிசலோடு வெளுத்தால் கிழிசல் பெரிதாகும் என்பதால், மூட்டை முதலில் தையலறைக்கு வரும், அப்புறம்தான் வெளுப்புக்குப் போகும். அதில் எப்போதும் ஒரு பூண்டு வாடை. "இதைப் போட்டுக்கிறவங்க எல்லாம் சமையக்காரங்கதான்டி. பூண்டு உரிச்சே கிழிச்சிருக்காங்க" என்று பெண்கள் வாய்க்குள்ளேயே சிரித்துக்கொள்வார்கள்.

அன்றைக்கு ஊசி கையில் எடுத்த மேலங்கியின் முழங்கையில் ஏற்கெனவே ஓர் ஒட்டு இருந்தது. போட்டிருந்தவளே அவசரத்துக்குத் தைத்துக்கொண்ட ஒட்டு. துணி அழுக்கேறிக் கறுத்திருந்தது, இழை மட்டும் புதிது. ஊசி அதைப் பிரித்துவிட்டு ஒழுங்காகத் தைக்கலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தாள். எடுத்த கை அப்படியே நின்றது.

இழைகள் எல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தன. வலது கையால் தைப்பவர்களின் இழை ஒரு பக்கம் சாயும், இடது கையால் தைப்பவர்களின் இழை மறுபக்கம் சாயும். கடைசியில் முடிச்சுக்குப் பதிலாக மூன்று சுற்றுச் சுற்றி இழையை உள்ளே செருகியிருந்தது. அப்படித் தைத்த ஒரே ஒருத்தியை ஊசிக்குத் தெரியும். இதே பெஞ்சில், இதே இடத்தில், தன் பக்கத்தில் உட்கார்ந்து தைத்தவள். முழங்கை இடிக்கிறது என்று தினமும் சண்டை போட்டவள். எல்லோரும் பீச்சாங்கை என்று கூப்பிட்டவள். மழைக்கு முன்னால் கழுத்துப்பட்டை நிறைந்து கடற்கரை வீட்டுக்குப் போனவள்.

கடற்கரை வீட்டு வளர்ப்புப் பெண்ணுக்கு அழுக்கு மேலங்கி எதற்கு?

"இந்த ஒட்டு யார் போட்டது?"

ஊசிக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதுகுக்குப் பின்னால் தையல் டீச்சர் நின்றுகொண்டிருந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாதவள். மெல்லிய குரல், சாம்பல் நிறச் சால்வை, எதைப் பார்த்தாலும் ஒரு நிமிஷம் கூடுதலாகப் பார்க்கும் கண்.

"தெரியாது டீச்சர். வரும்போதே இருந்துச்சு."

டீச்சர் குனிந்து ஒட்டின்மேல் விரலை ஓட்டினாள். சத்தம் வெளியே வராமல் கேட்டாள். "இங்க இடது கையால தைக்கிற பொண்ணு யாராவது இருந்தாளா?"

"தெரியாது டீச்சர்."

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது. போன வருஷம் சமையற்கட்டில் ஓர் அக்கா இருந்தாள். சர்க்கரைக் கட்டியைக் கையில் திணித்து, "என்கிட்ட சொல்லு கண்ணு, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று தலையைத் தடவிக் கேட்பாள். கேட்டதெல்லாம் சாயங்காலத்துக்குள் தலைமையம்மாவின் காதுக்குப் போய்விடும். அப்படிக் கேட்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து இனிமையாகப் பேசுகிற யாரையும் ஊசி நம்புவதில்லை.

டீச்சர் நகர்ந்ததும் நிமிர்ந்தாள். எதிர் பெஞ்சிலிருந்து கிளி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம், "யாருக்கு மனசு உறுத்துது?" என்று கேட்டு முடிப்பதற்குள் கிளி முன்னால் போய் நின்றாள்.

"எங்க அக்கா வேலை நேரத்துல டீச்சர்கிட்ட குசுகுசுன்னு பேசிச்சும்மா."

கூடப் பிறந்தவளையே சொல்லிவிட்டாள்! தலைமையம்மாவின் முகம் மலர்ந்தது. "ரத்தபாசத்தைவிட உண்மை பெருசுன்னு இந்தச் சின்னப் பொண்ணு எல்லாருக்கும் காட்டியிருக்கா" என்று ஒரு சின்னப் பிரசங்கம் வேறு செய்தாள். பிறகு டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். நூல் பற்றிக் கேட்டேன் என்றாள் டீச்சர். தலைமையம்மா தலையாட்டினாள், அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

பேசினது இரண்டு பேர், தண்டனை மட்டும் ஒருத்திக்கு. ஊசிக்கு அது போதும். இந்த டீச்சரும் அந்த அம்மாவும் ஒரே குட்டையில் ஊறின மட்டைகள்தான் என்று முடிவு செய்துவிட்டாள்.

இருட்டறை என்பது தனி அறை இல்லை. தையலறையை ஒட்டி ஜன்னல் இல்லாத ஓர் உள்ளறை இருந்தது, மூட்டைகளைப் போட்டு வைக்க. கதவை வெளியே தாழ் போட்டுவிட்டால் பட்டப்பகலிலும் உள்ளே குருட்டு இருட்டு. மறுநாள் காலையில் ஊசியை அதற்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். பாதி தைத்த மேலங்கி மூட்டையும் உள்ளேதான் கிடந்தது.

தங்கச்சியை நினைத்து முதலில் நன்றாக அழுதாள். அழுது ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, எதிரே ஏதோ தெரிந்தது. வெளிச்சம் என்று சொல்ல முடியாது. பச்சையும் வெள்ளையுமாக ஒரு மங்கல். மூட்டையின் மேல் கிடந்த மேலங்கியின் கைமுனை இருட்டில் மினுங்கிக்கொண்டிருந்தது. பேய் பிசாசை எல்லாம் நம்பாதவள்தான், ஆனாலும் அந்த நிமிஷம் பயந்துவிட்டாள். கொஞ்ச நேரம் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். பிறகு மெல்லக் கையை நீட்டித் துணியைத் தேய்த்துப் பார்த்தாள். அவள் விரல் நுனியிலும் அந்த மினுக்கம் ஒட்டிக்கொண்டது. மோந்து பார்த்தாள். பூண்டு.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. தீக்குச்சியைச் சுவரில் உரசினாலும் பற்றும், செருப்பில் உரசினாலும் பற்றும் என்று இருந்த காலம் அது. அம்மாவின் இரண்டாம் புருஷன் குச்சியின் மருந்தை ஈரக் கையால் இருட்டுச் சுவரில் தேய்த்து, இரண்டு கண் வரைந்து, "பூதம் வருது பார்" என்று கிளியை அலற வைப்பான். அந்தக் கண்கள் இப்படித்தான் மினுங்கும். இதே வாடைதான் வரும்.

இந்த வாடை அதற்கும் முன்னால் இன்னொருத்தியிடமிருந்தும் வந்தது. சித்தி. தீக்குச்சிக் கம்பெனியில் மருந்து முக்குகிற வேலைக்குப் போனவள். வீட்டுக்கு வந்தால் அவள் துணியில் இந்த வாடை. முதலில் பல்வலி என்றாள். பல்லைப் பிடுங்கினார்கள், புண் ஆறவில்லை. பிறகு தாடை எலும்பே அழுக ஆரம்பித்தது. முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு, வாசல் பக்கம் வராமல், கஞ்சியைக்கூட விழுங்க முடியாமல் செத்தாள். அந்த வேலைக்கு விவரம் தெரிந்த யாரும் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள். கேட்க நாதியில்லாத பெண்கள்தான் கம்பெனிக்கு வேண்டும். அப்படிப்பட்ட பெண்கள் இங்கே மதிலுக்குள் நிறைய இருந்தார்கள்.

இனி எல்லாம் தானாகக் கோத்துக்கொண்டது. வண்டி மூட்டையைக் கொண்டுவருகிறது, பெண்ணைக் கொண்டுபோகிறது. போகிறவளின் கழுத்துப்பட்டை மட்டும் அடுத்த திங்களே வண்டியோடு திரும்பி வந்துவிடும். பொத்தான்களைப் பிரித்து டப்பாவில் போடுவது ஊசியின் வேலை. பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு சிக்கனம் என்று சிரித்துக்கொண்டே எத்தனை கழுத்துப்பட்டைகளைப் பிரித்திருக்கிறாள்! கடற்கரையில் இருக்கிற நல்ல குடும்பம் ஒரு வாரத்துக்குள் எப்படித் திருப்பி அனுப்பும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. தன் மண்டையில் தானே குட்டிக்கொண்டாள்.

கிளிக்கு இன்னும் ஒரே ஒரு பொத்தான்தான் பாக்கி.

வெளியே விட்டதும் முதல் காரியமாகக் கிளியைத் துணி காயப்போடும் இடத்தில் பிடித்தாள். நனைந்த போர்வைகளின் நடுவே இழுத்து நிறுத்தி, ஒன்றுவிடாமல் சொன்னாள். சித்தியின் முகத்தைச் சொன்னாள். பீச்சாங்கையின் ஒட்டைச் சொன்னாள்.

கிளி உதட்டைப் பிதுக்கினாள். "நான் உன்னைச் சொன்னேன்ல, அந்தக் கோவம் உனக்கு."

"கோவம் இருக்குதான். அது வேற, இது வேற. கிளி, என் கண்ணுல்ல, இனிமே முன்னால போய் நிக்காதடி."

"உனக்கு ஒரு பொத்தான்கூட இல்ல. நான் போறேன்னு பொறாமை. அங்க ஊஞ்சல் இருக்காம், எனக்குன்னு தனிக் கட்டில் இருக்காம். அம்மாவே சொன்னாங்க."

"நம்ம அம்மா செத்துட்டா. அந்தப் பொம்பளைய அம்மாங்காத!"

கிளியின் கண் நிறைந்துவிட்டது. கையை உதறிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். "கடைசிப் பொத்தானுக்கு யாரைச் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். நீ போனவ பேச்சை எடுத்தேன்னு உன்னையே சொல்லிடுவேன். ஞாயித்துக்கிழமை சொன்னா திங்கக்கிழமை போயிடலாம்."

சொல்லிவிட்டுப் போர்வைகளுக்குள் புகுந்து ஓடிவிட்டாள். கிளியைத் தூக்கி வளர்த்தவள் ஊசி. அவளுக்குத் தலைவாரிவிட்டவள். இப்போது அவள் காலடிச் சத்தம் கேட்டாலே வாயை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த வாரம் முழுக்க ஊசி நிழலைக் கண்டும் பயந்தாள். வெளுப்பறையில் இரண்டு பேர் சேர்ந்து நின்றால் தன்னைப் பற்றித்தான் என்று தோன்றியது. தலைமையம்மா மாடி ஜன்னலில் நின்றால் தன்னைத்தான் பார்க்கிறாள் என்று தோன்றியது. யாரிடமாவது சொல்லலாம் என்றால், எல்லார் கழுத்திலும் சிவப்பு தெரிந்தது.

சனிக்கிழமை தையல் டீச்சர் மறுபடி வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கைக்குட்டையின் ஓரத்தை மடித்துக் காட்டுவதுபோல் பாவனை செய்துகொண்டே, தலை நிமிராமல் பேசினாள்.

"அந்த ஒட்டைப் பார்த்து உன் முகம் மாறினதை நான் பார்த்தேன். உனக்குத் தெரியும். அவ எங்க போனா? சொல்லு கண்ணு, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அதே வார்த்தை! சர்க்கரைக் கட்டி மட்டும்தான் இல்லை. தனக்கு எவ்வளவு தெரியும் என்று ஆழம் பார்க்க அனுப்பியிருக்கிறார்கள். இன்றைக்குக் கேட்கிறாள், நாளைக்குப் போய்ச் சொல்வாள். ஞாயிறு சாயங்காலம் ஒன்று கிளி சொல்லுவாள், இல்லாவிட்டால் இவள் சொல்லுவாள். எப்படியும் திங்கட்கிழமை ஊசி இருட்டறையில் இருப்பாள், கிளி வண்டியில் இருப்பாள்.

ஞாயிறு முழுக்க யோசித்தாள். ஒரு நாளைக்கு ஒருத்தி, ஒரு பொத்தான். கிளிக்கு முன்னால் தான் போய் நின்றுவிட்டால் அன்றைக்குக் கிளிக்குப் பொத்தான் இல்லை, நாளைக்கு வண்டியும் இல்லை. ஒரு வாரம் கிடைக்கும். அதற்குள் கிளியைத் திருப்பிவிடலாம். யாரைச் சொல்வது என்பதற்கும் விடை கையிலேயே இருந்தது. வேவு பார்க்க வந்தவளையே மாட்டிவிட்டால், தலைமையம்மா தன் ஆளைத் தானே எல்லார் முன்னாலும் தண்டிக்கவும் முடியாது, விட்டுவிடவும் முடியாது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். இவ்வளவு நாள் கழுத்தில் கறை படாமல் இருந்தவளுக்கு, இந்தக் கணக்கைப் போடும்போது மனசு கூசத்தான் செய்தது. கூசினாலும் போட்டாள். அந்த மதிலுக்குள் இருந்தால் யாருக்கும் அந்தப் புத்திதான் வரும்.

"யாருக்கு மனசு உறுத்துது?"

கிளி ஓரடி எடுத்து வைத்தாள். ஊசி அவள் தோளை இடித்துக்கொண்டு முன்னால் போய் நின்றாள். கூடம் முழுக்க ஒரு சலசலப்பு. ஊசி பேசுகிறாளா!

"தையல் டீச்சர் போனவ பேச்சை எடுத்தாங்கம்மா. இடது கையால தைச்ச பொண்ணு எங்க போனான்னு கேட்டாங்க. ரெண்டு தடவை."

தலைமையம்மா சிரிப்பாள், அல்லது மழுப்புவாள் என்று ஊசி எதிர்பார்த்தாள். அப்படி நடக்கவில்லை. அந்த முகம் வெளிறிப்போனது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"யார் நீ?" என்று டீச்சரைக் கேட்டாள்.

டீச்சர் சுவரோரம் நின்றிருந்தாள். அவள் பார்வை தலைமையம்மாவின் மேல் இல்லை, ஊசியின் மேல் இருந்தது. அதில் கோபம் இல்லை. அதுதான் ஊசியைக் குத்தியது.

"அவ என் தங்கச்சி," என்றாள் டீச்சர். "வீட்டுல கோவிச்சுக்கிட்டுப் போனவ. இங்க இருக்கான்னு தெரிய எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. நான் வந்து சேர்றதுக்குள்ள அனுப்பிட்டீங்க. தைக்கச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். பீச்சாங்கையால தைக்காதடின்னு எத்தனை அடி அடிச்சிருப்பேன். அந்தத் தையல் எனக்குத் தெரியாதா? எங்க அவ?"

"வாசல் அங்க இருக்கு," என்றாள் தலைமையம்மா. "இப்பவே."

காவல்காரி வந்து டீச்சரின் கையைப் பிடித்தாள். இந்த மதிலுக்குள் உண்மையான ஒரே ஒரு ஆள் வந்தாள். அவளைத் தானே, தன் வாயாலேயே, வெளியே தள்ளிவிட்டாள். டீச்சர் பக்கத்தில் கடந்து போகும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தீக்குச்சிக் கம்பெனி என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. சால்வையின் ஓரம் கதவில் மறைந்துவிட்டது.

தலைமையம்மா பொத்தான் டப்பாவைத் திறந்தாள். ஒன்றை எடுக்கவில்லை, கை நிறைய அள்ளினாள்.

"பள்ளிக்கூடத்தையே காப்பாத்தின பொண்ணுக்கு ஒரு பொத்தான் போதுமா? முழுக் கழுத்தும் தைச்சுக்கோ. நாளைக்கு வண்டில நீ போற."

பெண்கள் கைதட்டினார்கள். அந்த அள்ளலின் அர்த்தம் ஊசிக்கு உடனே புரிந்துவிட்டது. இடது கைக்காரியைப் பற்றி இரண்டு தடவை கேட்கப்பட்டவளை இனி இங்கே வைத்திருக்க மாட்டார்கள். கிளியைக் காப்பாற்ற டீச்சருக்கு வெட்டிய குழியில் தானே விழுந்தாயிற்று. விழுந்தாலும் ஒரு நிம்மதி. நாளைய வண்டியில் கிளி இல்லை.

அன்று ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்து பொத்தான்களைத் தைத்தாள். முடிச்சு இல்லாமல் வாழ்நாளில் ஒரு தையல் போட்டதில்லை அவள். அன்றைக்குப் போட்டாள். ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒற்றை இழை, ஒரே ஒரு சுற்று, முடிச்சு கிடையாது. மேலே பார்த்தால் மற்றவர்களின் கழுத்துப்பட்டைபோலவே இருந்தது. தலைமையம்மா வந்து பார்த்துவிட்டு, "கை வேலைன்னா இதுதான்" என்று மெச்சிவிட்டுப் போனாள்.

டீச்சர் போய்விட்டாளா, மதிலுக்கு வெளியே நிற்கிறாளா? நின்றாலும், காட்டிக்கொடுத்தவளின் பின்னால் எதற்காக வருவாள்? ஊசிக்குத் தெரியாது. தெரியாமலேயே ஓர் ஆளை நம்பிப் பார்ப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

காலையில் வண்டி வந்தது. சுத்தமான மூட்டையை ஏற்றி, அதன்மேல் ஊசியை உட்காரச் சொன்னார்கள். கிளி படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தாள். அழுது மூக்கு சிவந்திருந்தது.

"அது என் இடம். நீ பிடுங்கிக்கிட்ட."

"ஆமா, பிடுங்கிக்கிட்டேன்," என்றாள் ஊசி. "கிளி, நான் சொன்னது நெஜமா பொய்யான்னு உனக்கு ஒருநாள் தெரியும். அதுவரைக்கும் யாரையும் சொல்லாத. அக்கா கேக்குறது இது ஒண்ணுதான்."

வண்டிக்காரன் பின்பக்கத் திரையை இழுத்து வெளியே கட்டினான். திரையின் இடுக்கில், கிளி ஓரடி முன்னால் வந்து நின்றது தெரிந்தது. அப்புறம் வாசல் மூடிக்கொண்டது.

வண்டியின் அடிப்பலகைகள் பழையவை, நடுவே விரல் நுழையும் இடைவெளி. ஊசி மூட்டையை நகர்த்திக்கொண்டு குனிந்து உட்கார்ந்தாள். சாலைமுனையில் வண்டி திரும்பியபோது முதல் பொத்தானை இழுத்தாள். சத்தமில்லாமல் கையோடு வந்தது. இடைவெளியில் போட்டாள்.

கடைத்தெருவில் ஒரே இரைச்சல். பீப்பாய் உருட்டுகிறவர்கள், மீன் கழுவுகிறவர்கள், இரும்புச் சக்கரங்கள். திரையிடுக்கில் பார்த்தாள். பின்னால் எத்தனையோ பேர், சாம்பல் சால்வை மட்டும் இல்லை. ஸ்டேஷன் சாலை வந்தது. ரயிலின் ஊதல் வலது பக்கம் கேட்டது, வண்டி இடது பக்கம் திரும்பியது. உள்ளுக்குள் மிச்சமிருந்த ஒரு துளி ஆசையும் அத்தோடு போயிற்று. இன்னொரு பொத்தானை இழுத்துப் போட்டாள்.

ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒன்று. நேர்ச்சாலையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், வீணாக்கக் கூடாதென்று. எல்லாம் பெண்களைக் காட்டிக்கொடுத்த பொத்தான்கள். பீச்சாங்கையின் கழுத்தில் கிடந்தவையும் இவற்றில் இருக்கும், ஊசியே பிரித்து டப்பாவில் போட்டவை. முதல் தடவையாக அவை வேறொரு காரியத்துக்கு ஆகின்றன என்று நினைத்தாள்.

புகைக்குழாய்கள் வந்தன. கறுத்த மதில்கள், எல்லாம் ஒரே மாதிரி, எதிலும் பலகை இல்லை. கழுத்துப்பட்டையில் ஒன்றுதான் மிச்சம். பின்னால் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. வரமாட்டாள், ஏன் வரவேண்டும், நானாக இருந்தால் வருவேனா என்று நினைத்துக்கொண்டாள். வண்டி கடைசித் திருப்பத்தில் வேகம் குறைந்தது. மதிலின் மேலாகப் பூண்டு வாடை இறங்கியது. கடைசிப் பொத்தானையும் இழுத்தாள், போட்டாள், திரையிடுக்கில் கண்ணை வைத்தாள்.

தெருவின் அந்தக் கோடியில் ஒரு பெண் வந்தாள். நடந்தும் ஓடியும் வந்தவள்போல் மார்பு ஏறி இறங்கியது. முந்தின திருப்பத்தில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். குனிந்தாள். தரையிலிருந்து எதையோ பொறுக்கி, சாம்பல் நிறச் சால்வையில் துடைத்து, உள்ளங்கையில் வைத்து மூடினாள். அவளுடைய அந்தக் கை ஏற்கெனவே நிறைந்திருந்தது. பிறகு நிமிர்ந்து வண்டியைப் பார்த்தாள், வண்டி நின்ற வாசலைப் பார்த்தாள், மேலே புகைக்குழாயைப் பார்த்தாள்.

திரையை யாரோ வெளியிலிருந்து அவிழ்த்தார்கள். முகத்தில் துணி கட்டிய ஒரு மேஸ்திரி எட்டிப் பார்த்தான். ஊசியை இறங்கச் சொன்னான். பள்ளிக்கூடத்துக்குத் திருப்பி அனுப்பக் கழுத்துப்பட்டையைக் கழற்றச் சொன்னான். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என்னடி இது? பொத்தானெல்லாம் எங்க?"

"வழியில உதிர்ந்துபோச்சு," என்றாள் ஊசி. "எனக்குச் சரியாத் தைக்கத் தெரியாது."